அர்ஜென்டினாவில் ஆறு மாதம்: மலைக்கு எப்போது, நகரத்துக்கு எப்போது?

கேட்டது சுருக்கமாக இது: கணவன் மனைவி இருவரும் ஐம்பதுகளின் கடைசியில் இருக்கிறார்கள். வேலையை விட்டாயிற்று. அர்ஜென்டினாவில் ஆறு மாதம் தங்க ஆசை. ஆண்டிஸ் மலையும் வேண்டும், பியூனஸ் அயர்ஸில் வீடெடுத்து வாழ்ந்தும் பார்க்க வேண்டும். இருவரும் சைவம். மனைவிக்கு முழங்காலில் தொந்தரவு. எங்கே தொடங்குவது, எங்கே எவ்வளவு நாள் இருப்பது?

நானும் என் கணவரும் அங்கே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அவ்வப்போது மலைப்பக்கம் போய்ப் பல வாரம் தங்கித் திரும்பியவர்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு வரைபடத்தைவிடக் காலண்டர்தான் உதவும். நாடு வடக்கு தெற்காகச் சுமார் 3,700 கிலோமீட்டர். மேற்கு எல்லை நெடுக மலைதான் என்றாலும் ஒரு மாதிரியான மலை இல்லை. வடமேற்கில் சால்டா, ஹுஹுய் மாகாணங்களில் காய்ந்துபோன செம்மலை. நடுவில் மெண்டோசா; பனி உச்சிகளுக்குக் கீழே பாலைநிலம். தெற்கே படகோனியாவில் ஏரி, காடு, பனியாறு. மூன்றுக்கும் நல்ல பருவம் வேறு வேறு. ஜனவரி அங்கே கோடை, ஜூலை குளிர்காலம் என்பதை மட்டும் மறக்காமல், தெற்கிலிருந்து குளிர் துரத்திக்கொண்டு வர நாம் அதற்கு ஓரடி முன்னால் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதிவரை படகோனியா. ஏப்ரல் கடைசியில் மெண்டோசா. மே முதல் ஜூலைவரை பியூனஸ் அயர்ஸ். ஆகஸ்டில் வடமேற்கு. உங்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

டிசம்பர், ஜனவரியில் படகோனியா போகச் சொல்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளூர்க்காரர்களின் கோடை விடுமுறை அப்போதுதான், அறை வாடகை ஏறிவிடும், காற்றும் மிகக் கடுமையாக அடிக்கும் காலம். அங்கத்திய காற்று சாதாரணமாக இருக்காது, ஆளையே தள்ளும். மார்ச் கடைசியில் காற்று தணிந்து, லெங்கா மரங்கள் சிவக்க ஆரம்பிக்கும். ஏப்ரல் தாண்டினால் எல் சால்தேன் மாதிரி ஊர்களில் விடுதிகளும் உணவகங்களும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திவிடுவார்கள். எனவே தெற்கைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

தெற்கில் பரிலோச்சேயில் ஆரம்பியுங்கள். நஹுவெல் உவாப்பி ஏரிக்கரை ஊர். சுற்றியிருப்பது அர்ஜென்டினாவின் முதல் தேசியப் பூங்கா. சிலியோடு எல்லை வகுக்கும் வேலையில் பெயர் பெற்ற பிரான்சிஸ்கோ மொரேனோ, அரசு தனக்குப் பரிசாகக் கொடுத்த நிலத்தில் ஒரு பகுதியை 1903-ல் பூங்காவுக்கென்று திருப்பிக் கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்தது இது. பின்னால் நீங்கள் பார்க்கப்போகிற பெரிட்டோ மொரேனோ பனியாறும் இவர் பெயர் கொண்டதே.

இந்த ஊரின் பெரிய வசதி மலைக்குடில்கள். ‘ரெஃபூஹியோ’ என்பார்கள். கூடாரம் சுமக்காமல் மலைமேல் இரவு தங்கலாம். ஃப்ரே குடிலுக்குக் காத்தெத்ரால் மலையடிவாரத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேர நடை. பாதி வழி ஏரியைப் பார்த்தபடி மெல்ல ஏறும். அப்புறம் லெங்கா காடு. கடைசியில் கல்லும் சரிவும். மேலே போனால் ஒரு சின்னக் கல் வீடு, முன்னால் பச்சைத் தண்ணீர்க் குளம், சுற்றிலும் ஊசி ஊசியாகக் கருங்கல் கோபுரங்கள். மாடியில் மெத்தைகளை ஒட்டி ஒட்டிப் போட்டிருப்பார்கள். ஸ்லீப்பிங் பேக் நாம்தான் கொண்டுபோக வேண்டும். குடிலை நடத்தும் பிள்ளைகள் மாவு, வெண்ணெய்க்கட்டியெல்லாம் முதுகில் சுமந்து ஏற்றி, அங்கேயே ரொட்டியும் பீட்சாவும் சுடுவார்கள். ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருக்கும், அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் காலுறைகள் தொங்கும். மேசை ஒன்றுதான், பாறை ஏறுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், நம்மைப் போன்றவர்கள் எல்லாரும் அதைச் சுற்றித்தான் உட்கார வேண்டும்.

மாத்தே வருவது அந்த மேசையில்தான். மாத்தே இலையைச் சுரைக்குடுக்கையில் முக்கால்வாசி போட்டு, கொதிக்காத வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலில் உறிஞ்சும் பானம். ஒருவர்தான் ஊற்றுவார். முதல் ஊற்றுக் கசப்பை அவரே குடித்துவிட்டு, மறுபடி நிரப்பி அடுத்தவரிடம் நீட்டுவார். குடித்து முடித்துக் குடுக்கையை அவரிடமே திருப்பித் தர வேண்டும். குழல் எல்லாருக்கும் ஒன்றுதான். எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு இது முதலில் சங்கடம். வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். வாங்கிக் குடிக்கத் தொடங்கிவிட்டால், குடுக்கையைத் திருப்பும்போது ‘கிராசியாஸ்’ (நன்றி) சொல்லாதீர்கள். சொன்னால் போதும் என்று அர்த்தம், அடுத்த சுற்று உங்களைத் தாண்டிப் போய்விடும். நடைக்குக் கிளம்புமுன் பூங்காவின் இணையதளத்தில் பெயர் பதிய வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரே பாதை உங்கள் மனைவிக்கு இறக்கத்தில் வலிக்கும். இங்கேதான் தம்பதிகள் சண்டை போட்டுக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஏற ஆசை, மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார், மூன்றாம் நாள் இருவருக்கும் பேச்சே இருக்காது. எல்லா இடத்துக்கும் சேர்ந்தேதான் போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விமானநிலையத்திலேயே விட்டுவிடுங்கள். என் கணவர் குடிலுக்கு ஏறிய நாட்களில் நான் காம்பனாரியோ குன்றுக்குக் கம்பியில் தொங்கும் நாற்காலி இழுவையில் போய், காபியோடு ஏரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுண்டு. 1,050 மீட்டர்தான், ஆனால் காட்சிக்கு எந்த உச்சிக்கும் குறைச்சல் இல்லை. எனக்கு அதில் ஒரு இழப்பும் தெரியவில்லை.

பரிலோச்சேயிலிருந்து இன்னும் தெற்கே எல் கலாஃபாத்தேவுக்கு விமானம் பிடியுங்கள். 40-ஆம் எண் நெடுஞ்சாலையில் பேருந்தும் உண்டு. ஏறக்குறைய ஒரு முழு நாள் ஓடும், ஜன்னலுக்கு வெளியே பெரும்பகுதி புல்வெளிதான். அந்த வெறுமை பிடித்தவர்களுக்குச் சரி. பெரிட்டோ மொரேனோ பனியாற்றுக்கு ஏறவே வேண்டாம். எதிர்க்கரையில் இரும்பு நடைபாதைகள் போட்டிருக்கிறார்கள். முகப்பு 5 கிலோமீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே 60 மீட்டருக்குக் குறையாத உயரம். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் பனிப்பாளம் விழுந்து முடிந்திருக்கும். சீக்கிரம் போய் ஒரே இடத்தில் நின்று நேர்ப்பார்வையாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கே அது கிடைக்கும். சுற்றுலாப் பேருந்துகள் கொடுக்கும் நேரம் போதாது.

எல் சால்தேன் அங்கிருந்து மூன்று மணி நேரம். 1985-ல்தான் அந்த ஊரே உண்டானது, சிலியோடு எல்லைத் தகராறு இருந்தபோது இடத்தை உறுதிப்படுத்திக்கொள்ள. ஊரின் கடைசி வீட்டைத் தாண்டினால் நடைபாதை. ஃபிட்ஸ் ராய் சிகரம் 3,405 மீட்டர், உயரத்தில் பெரிதில்லை, ஆனால் செங்குத்து. எல்லாரும் ஓடுவது லோஸ் த்ரேஸ் ஏரிக்கு. போகவர 20 கிலோமீட்டருக்கு மேல், அதில் கடைசி ஒரு கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏற்றம், முழுக்க உருளும் கல். முழங்காலை அங்கே கொண்டுபோகாதீர்கள். அதே பாதையில் பாதியில் வரும் காப்ரி ஏரியில் நின்றாலே ஃபிட்ஸ் ராய் முழுசாகத் தெரியும். செர்ரோ தோர்ரே சிகரத்தின் பக்கம் போகும் பாதையும் பெரும்பாலும் சமதளம். வானம் மூடியிருந்தால் இரண்டு மூன்று நாள் சும்மா இருக்கத் தயாராக வாருங்கள். நீண்ட நாள் பயணத்தின் லாபமே அந்தச் சும்மா இருப்பதுதான். பத்து நாள் விடுமுறையில் வருகிறவர்களுக்கு அது கிடையாது.

மெண்டோசாவை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1861-ல் நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி, அகலத் தெருக்களோடு திரும்பக் கட்டிய ஊர். மழை மிகக் குறைவு. மலையின் பனி உருகி வரும் தண்ணீரைத் தெருவோர வாய்க்கால்களில் ஓட விட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே மூடியில்லாமல் ஓடும் அந்த வாய்க்காலில் இரவில் கால் விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து 7-ஆம் எண் சாலையில் சிலி எல்லைப் பக்கம் ஏறினால் அக்கோன்காகுவா, 6,961 மீட்டர், ஆசியாவுக்கு வெளியே உலகில் அதுதான் உயரம். உச்சிக்கு அனுமதிச் சீட்டு, வாரக்கணக்கில் ஏற்பாடு எல்லாம் வேண்டும், நமக்கு அது வேண்டாம். ஓர்கோனெஸ் குட்டையைச் சுற்றி ஒரு சின்ன நடை இருக்கிறது. அங்கிருந்தே அதன் தெற்கு முகம் தெரியும். ‘சோண்டா’ என்ற உலர்ந்த வெப்பக் காற்று மலையிலிருந்து இறங்கும் நாளில் தலை வலிக்கும், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள். அவ்வளவுதான், பத்து நாள் போதும்.

இனி பியூனஸ் அயர்ஸ். இதில்தான் உங்கள் ஆறு மாதத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். மலை யாரையும் சில வாரத்தில் களைக்க வைத்துவிடும்.

பலெர்மோவில் வீடு பார்க்கச் சொல்வார்கள். அழகான பகுதி, ஆனால் உங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அல்மாக்ரோ, காபாஷித்தோ, வீஷா கிரேஸ்போ பக்கம் தேடுங்கள். ‘தோஸ் அம்பியெந்தெஸ்’ என்றால் ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும். நீண்ட நாள் இருக்கப்போகும் இருவருக்கு ஒற்றை அறை வேண்டாம். கதவு சாத்திக்கொள்ள ஒரு இடம் கட்டாயம் வேண்டும். தற்காலிக வாடகையை டாலரில்தான் பேசுவார்கள். ‘எக்ஸ்பென்சாஸ்’ எனும் கட்டடப் பராமரிப்புச் செலவு உள்ளடங்கியதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பழைய கட்டடங்களில் லிஃப்டுக்கு இரண்டு மடக்குக் கம்பிக் கதவுகள் இருக்கும், இரண்டையும் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். யாராவது மேல்மாடியில் சரியாகச் சாத்தாமல் போனால் மொத்தக் கட்டடமும் படியேறும். அப்போது மாடிப்படியில் கேட்கும் வசவுகளில்தான் நான் ஸ்பானிஷ் கற்றேன் என்று சொன்னால் பாதி உண்மை. காவல்காரரிடம் முதல் நாளே பெயர் சொல்லி அறிமுகம் ஆகிவிடுங்கள். குழாய் ரிப்பேர்காரர் யார், எந்தக் காய்கறிக்கடையில் தக்காளி நல்லது, பக்கத்து வீட்டு நாய் எப்போது குரைக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும்.

பணம். 2023-ல் விலைவாசி ஓராண்டில் 211 சதவீதம் ஏறியது, 2024-லும் 118 சதவீதம் அளவில். பழைய பயணக் குறிப்புகளில் ‘நீல டாலர்’ என்று கறுப்புச் சந்தை விலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். 2025 ஏப்ரலில் தனிநபர்கள் டாலர் வாங்குவதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு அந்த வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிட்டது. டாலர் கணக்கில் நாடு மலிவு என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். நோட்டாகக் கொண்டுபோனால் புது 100 டாலர் நோட்டுகளாக இருக்கட்டும். உருவப்படம் சிறிதாக இருக்கும் பழைய நோட்டுக்கும், பேனாக் கறை பட்ட நோட்டுக்கும் குறைவாகத்தான் தருவார்கள். இன்னொன்று: விடுதிகளில் வெளிநாட்டுக் கார்டில் கட்டினால் வெளிநாட்டுப் பயணிக்கு 21 சதவீத வரி இல்லை. கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு. மாட்டிறைச்சி நாடு என்று பயந்துபோகாதீர்கள். இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் குடியேறிய ஊர் என்பதால் பாஸ்தா, பீட்சா தெருவுக்குத் தெரு கிடைக்கும். வெங்காயமும் சீஸும் போட்ட ஃபுகஸ்ஸேத்தா, சோளம் அடைத்த உமீத்தா எம்பனாதா, அனலில் வாட்டிய ப்ரோவொலேத்தா சீஸ் எல்லாம் சைவமே. பீட்சாவின் மேலே வைத்துச் சாப்பிடும் ஃபைனா, கடலை மாவில் சுட்டது. நம் அடையின் தூரத்து உறவு மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை: ‘கார்னே’ (இறைச்சி) வேண்டாம் என்றால் மாடு வேண்டாம் என்றுதான் பலர் புரிந்துகொள்வார்கள். ஹாமும் கோழியும் வேண்டாம் என்பதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பருப்பு, மஞ்சள், சீரகத்துக்கு ‘தியேத்தேத்திகா’ என்ற தானியக்கடைகள் எல்லாப் பேட்டையிலும் உண்டு. பெல்கிரானோவின் சீனக் கடைவீதியில் அரிசியும் மசாலாவும் இன்னும் நன்றாகக் கிடைக்கும். கறிவேப்பிலைக்கு ஏங்க வேண்டியதுதான். ‘பிக்காந்தே’ (காரம்) என்று எழுதியிருப்பதை நம்பி மிளகாய்ப்பொடி வாங்காமல் இருந்துவிடாதீர்கள், அவர்கள் காரம் நமக்கு உறைக்கவே உறைக்காது.

இரவு உணவு ஒன்பது, பத்து மணிக்கு. ஏழு மணிக்குப் போய் உணவகக் கதவைத் தட்டினால் உள்ளே பணியாளர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த நேரத்துக்கு உடம்பு பழகச் சில வாரம் ஆகும். மாலை ஐந்து, ஆறு மணிக்குக் காபியும் மெதியாலூனா ரொட்டியும் சாப்பிட்டுச் சமாளியுங்கள்.

போக்குவரத்துக்கு ‘சூபே’ அட்டை ஒன்று போதும், பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் அதுதான். சுரங்க ரயிலின் ஏ தடம் 1913-ல் திறந்தது, லத்தீன் அமெரிக்காவிலேயே முதலாவது. கைபேசியைக் கதவருகே கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். குளிர்காலத்தில் நகரம் உள்ளுக்குள் போய்விடும்: கொரியெந்தெஸ் வீதிப் புத்தகக்கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருக்கும், 1908-ல் திறந்த தியாத்ரோ கொலோன் அரங்கில் இசைப் பருவம் நடக்கும். ரயிலேறிச் சான் இசித்ரோ போனால் எழுத்தாளர் விக்தோரியா ஒகாம்போவின் வீட்டைப் பார்க்கலாம். 1924-ல் பெரு போகும் வழியில் உடல்நலம் கெட்ட தாகூர், அவர் விருந்தாளியாக அந்த ஊரில்தான் வாரக்கணக்கில் தங்கினார். ‘பூரபி’ கவிதைத் தொகுப்பை ஒகாம்போவுக்கே காணிக்கையாக்கினார்.

டாங்கோ பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சுற்றுலாக்காரர்களுக்கான இரவு நிகழ்ச்சிக்குப் பணம் கொட்டாதீர்கள். ‘மிலோங்கா’ என்கிற, ஊர்க்காரர்கள் ஆடப்போகும் கூடங்களுக்குப் போங்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆட வருகிறாயா என்று வாய்விட்டுக் கேட்பது கிடையாது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத் தலையை லேசாக அசைப்பார்கள். அவரும் அசைத்தால் எழுந்து வருவார், பார்வையைத் திருப்பிக்கொண்டால் விருப்பமில்லை, யாருக்கும் அவமானமில்லை. மூன்று நான்கு பாட்டு ஒரு தொகுப்பு. முடிந்ததும் சம்பந்தமே இல்லாத ஒரு இசைத்துண்டு போடுவார்கள், எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்புவார்கள். கணவன் மனைவி ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், தங்களுக்குள்தான் ஆடுவார்கள் என்று எடுத்துக்கொண்டு வேறு யாரும் இந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்கள். மற்றவர்களோடும் ஆட ஆசையென்றால் தனித்தனியாக உட்காருங்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கடைசித் தொகுப்புக்கு இவரைப் பார்த்துத் தலையசைப்பதில் ஒரு குஷி இருக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்டில் வடமேற்கு. அங்கே கோடையில்தான் மழை. ஜனவரி, பிப்ரவரியில் மண்சரிவு சாலையை மூடும். 2017 ஜனவரியில் வோல்கான் என்ற ஊரையே சேறு மூடியது. ஆகஸ்டில் வானம் சுத்தமாக இருக்கும். பகலில் நல்ல வெயில், இரவில் உமாவாக்கா பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அறையில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். தில்காராவில் தங்குங்கள். 2,450 மீட்டர் உயரம், ஊட்டியைவிடக் கொஞ்சம் கூட, உடம்பு தாங்கும். அங்கே சில நாள் பழகிய பிறகு உப்புப் பாலைவனமான சலீனாஸ் கிராந்தெஸுக்கு (வழியில் 4,170 மீட்டர் கணவாய்), ஓர்னோகால் வண்ணமலைக்கு (4,350) போகலாம். கார் மேலேவரை போகும், முழங்காலுக்கு வேலை இல்லை, மூச்சுக்குத்தான் வேலை. ரத்த அழுத்தம் இருந்தால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வார்கள். அங்கே அது சட்டப்படி சரி, கடையில் கிடைக்கும். ஆனால் ஒரு இலைகூடப் பையில் வைத்துக்கொண்டு நாடு திரும்பாதீர்கள்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி பச்சமாமா, பூமித்தாய்க்கு உணவூட்டும் நாள். முற்றத்தில் குழி தோண்டி, சமைத்தது, சோள மதுபானம், கோக்கா இலை எல்லாம் ஒவ்வொருவராக இட்டு மூடுவார்கள். மாதம் முழுக்க வீடு வீடாக நடக்கும். விடுதிக்காரர் அழைத்தால் போங்கள், கேமராவைப் பையில் வைத்துவிட்டு. சால்டா நகரில் மலைத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஷுஷைஷாக்கோ எரிமலையில் 6,739 மீட்டரில் 1999-ல் கண்டெடுத்த, இன்காப் பேரரசுக் காலத்து மூன்று குழந்தைகளின் உறைந்த உடல்கள் அங்கே. ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் காட்சிக்கு வைப்பார்கள். என் கணவர் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டார். அதுவும் சரிதான்.

கடைசியாகக் காகித வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா இருப்பவர்களுக்கு 2025-ல் விதியைத் தளர்த்தினார்கள். எதுவானாலும் டில்லித் தூதரகத்தின் அன்றைய விதியைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். சுற்றுலாவுக்கு வழக்கமாக 90 நாள் தருவார்கள், குடிவரவு அலுவலகத்தில் கேட்டு இன்னொரு 90 நீட்டிக்கலாம். நீங்கள் நகரத்தில் இருக்கும் மே மாதத்தில் அதை முடித்துவிடுங்கள். மலையில் இருக்கும்போது தேதி நெருங்க விடாதீர்கள். 2025-ல் வந்த ஆணைப்படி மருத்துவக் காப்பீடும் கையில் இருக்க வேண்டும். அப்புறம் சால்டாவிலிருந்து திரும்பும் விமானம் பெரும்பாலும் ஊருக்குள் ஆற்றங்கரையில் இருக்கிற ஏரோபார்கேயில் இறங்கும். வெளிநாட்டு விமானம் பெரும்பாலும் எசைசாவிலிருந்து கிளம்பும், ஒரு மணி நேரத் தூரம். வேலைநிறுத்தம் அங்கே சகஜம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு இரவாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.